தோல் கணக்கு எழுதிய கவிஞர்



1374ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் துறைமுகத்துக்குப் புதிய சுங்கக் கணக்கர் ஒருவர் நியமிக்கப்பட்டார். கம்பளி, மயிர் நீக்காத ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் ஆகியவை கப்பலேறும்போது அரசருக்குச் சேர வேண்டிய வரியைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. ஆண்டுச் சம்பளம் 10 பவுன். கணக்குச் சுருளை ஆள் வைத்து எழுதக் கூடாது, தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது நியமன ஆணையில் இருந்த நிபந்தனை. 1275 முதல் வழக்கில் இருந்த விதிப்படி ஒரு லாஸ்ட் என்ற அளவு மாட்டுத்தோலுக்கு 13 ஷில்லிங் 4 பென்ஸ் வரி. இந்தக் கணக்கைப் 12 ஆண்டுகள் அவர் பார்த்தார். அந்த வேலையை விட்ட பிறகுதான், ஏறத்தாழ 1387இல், கேன்டர்பரி கதைகளை எழுதத் தொடங்கினார். அவர் பெயர் ஜெஃப்ரி சாசர்.

இந்தச் செய்தி சாசரைப் பற்றிய எல்லா நூல்களிலும் இருக்கிறது. மற்ற ஊர்களில் அதை ஒரு வாழ்க்கைக் குறிப்பாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து உட்காரும் வகுப்பில் அப்படிக் கடந்துபோக முடியாது. தோல் என்றால் என்ன, உப்புத்தோல் லாரி எப்போது வரும், எந்தத் தோல் ஷூவின் மேற்பகுதியான அப்பருக்குப் போகும், எது லைனிங்குக்குப் போகும் என்று வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆங்கிலக் கவிதையின் தொடக்கத்தில் நிற்கும் மனிதரும் தோல் மூட்டைகளின் நடுவே நின்று வேலை பார்த்தவர் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அந்த நிமிர்வை எங்கே கொண்டுபோவது என்பதே இன்றைய என் பேச்சு.

நம் வட்டாரத்தில் உயர்கல்விக்கும் தோலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. வேலூர் ஊரீசு கல்லூரி 1898இல் மிஷனரிகளால் தொடங்கப்பட்டது. டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்த இடம். ஆனால் 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியின் பின்னணியில் அந்த ஊர்த் தோல் வணிகர்களின் கொடை இருக்கிறது. கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ் கற்பித்த கல்லூரி அது. மேல்விஷாரத்தில் 1965இல் எழுந்த கல்லூரி, தோல் வணிகத்தில் ஈட்டியதை அள்ளிக் கொடுத்த சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் ஊறிய தோல் மதராஸ் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. அங்கே அதை வாங்கி விற்ற பெர்மாண்ட்சி, சாசரின் பயணிகள் கூடிய சதர்க்கை ஒட்டிய பகுதி. அந்த வணிகத்தில் வந்த பணத்தின் ஒரு பகுதி இங்கே வகுப்பறைகளாயிற்று. அந்த வகுப்பறைகளில் சாசர் பாடமானார். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கேன்டர்பரி கதைகளின் பொது முகவுரையைப் படிக்காத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம். லண்டன் பாலத்துக்குத் தெற்கே சதர்க்கில் டாபர்ட் என்ற விடுதி. 1170இல் கொலையுண்ட தாமஸ் பெக்கெட்டின் கல்லறையைத் தரிசிக்கக் கேன்டர்பரிக்குப் போகும் 29 பேர் அங்கே ஒன்று சேர்கிறார்கள். நோயுற்றபோது தங்களைக் காத்த புனிதருக்கு நன்றி சொல்லப் போகிறவர்கள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒரே லாட்ஜின் மாடிப்படியில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்வதைக் கண்ட நமக்கு, அந்த விடுதியை விளக்க அதிகச் சொற்கள் வேண்டாம். சாதாரண நாளில் பக்கத்தில் உட்கார வாய்ப்பில்லாதவர்களை நோயும் நேர்த்திக்கடனும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்துவிடுகின்றன. சாசர் அந்த ஓர் இரவில் கிடைத்த நேரத்தில் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து எழுதுகிறார். 858 வரி. அதற்குள் ஒரு நாடே வந்துவிடுகிறது.

நம் வகுப்புகளில் இது எப்படிப் படிக்கப்படுகிறது? வினாத்தாள் ஒரு பாத்திரத்தின் குணநலனை எழுதச் சொல்லும். கையேட்டில் விடை தயாராக இருக்கும். துறவி உலக ஆசை மிக்கவர், கன்னிமாடத் தலைவி நாகரிகத்தில் பற்றுள்ளவர், வணிகர் பகட்டானவர், பாத் ஊர்ப் பெண்மணி துணிச்சலானவர். நான்கு பெயரடை, நான்கு சான்று, முடிவுரை. மாணவர் தேறிவிடுவார், கவிதை மட்டும் கைக்கு வராமல் போய்விடும். ஏனென்றால் சாசர் எழுதியதில் அந்தப் பெயரடைகள் பெரும்பாலும் இல்லை. துறவி ஆசை மிக்கவர் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. துறவியின் பூட்ஸ் மெத்தென்று வளைந்து கொடுத்தது என்கிறார். பிறகு குதிரையைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்.

நான் வகுப்பில் இந்தப் பூட்ஸில் நின்றுவிடுவது வழக்கம். ஒருமுறை, பூட்ஸ் மெத்தென்றிருந்தால் என்ன தெரிகிறது என்று கேட்டேன். நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர், அப்பா டேனரியில் டிரம் பார்க்கிறவர், அவர் சொன்னார்: “தோல் சும்மா மெத்துனு ஆகாதுங்க சார். பதனிட்டதும் காஞ்சா பலகை மாதிரி விறைச்சுக்கும். எண்ணெய் ஏத்தணும், பிசையணும், இழுக்கணும். ஃபேட் லிக்கர்ல காசைக் குறைச்சா ஷூ போட்ட இடத்துல மடிப்பு விழுந்து வெடிச்சிடும். அவர் நல்ல கன்னுக்குட்டித் தோல்ல, கூட காசு கொடுத்துதான் வாங்கியிருக்கணும்.”

எந்த உரையாசிரியரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோலை ஓக் பட்டையில் மாதக்கணக்கில் ஊறவைப்பவர் ஒருவர், அதை வாங்கிக் கொழுப்பும் மீன் எண்ணெயும் தேய்த்து மெருகேற்றுபவர் வேறொருவர், தைப்பவர் மூன்றாமவர். மூவருக்கும் தனித்தனிச் சங்கம். மெத்தென்ற பூட்ஸ் என்றால் மூன்று கைகளும் காலமெடுத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கின்றன என்று பொருள். வறுமை விரதம் பூண்ட ஒருவருடைய காலில் அது கிடக்கிறது. சாசர் தோல் கணக்குப் பார்த்தவர். விறைத்த தோலுக்கும் வளையும் தோலுக்கும் உள்ள விலை அவருக்குத் தெரியும். அவருடைய வாசகர்களுக்கும் தெரியும். அதனால் மேற்கொண்டு ஒரு சொல்லும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்த மாணவர் சொன்ன நாளிலிருந்து முகவுரையைக் காலிலிருந்து வாசிக்கப் பழக்குகிறேன். வணிகரின் பூட்ஸில் கொக்கிகள் நேர்த்தியாக மாட்டப்பட்டிருக்கின்றன. தலையில் ஃபிளாண்டர்ஸ் நாட்டு பீவர் மயிர்த் தொப்பி, இரண்டாகப் பிரித்த தாடி, உயரமான சேணம். லாபக் கணக்கைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் கடனில் இருக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது என்று போகிற போக்கில் சாசர் சொல்கிறார். எவருக்கும் தெரியாதது எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியை மாணவர்களே கேட்கிறார்கள், கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். ஏற்றுமதி ஆர்டர் ரத்தான பிறகும் கார் மாற்றாமல் இருக்க முடியாத நிலைமையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்களுக்குள் உண்டு. வணிகரின் கொக்கி ஏன் அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாத் ஊர்ப் பெண்மணியின் காலுறை நல்ல சிவப்பு, இறுக்கிக் கட்டியது. செருப்பு புதியது, ஈரம் காயாததுபோல் மிருதுவானது. அதற்கு மேல் குதிமுள். இவர் துணி நெய்கிறவர், அதுவும் அந்தக் காலத்தில் பேர்பெற்ற ஈப்ர், கென்ட் நகரங்களின் நெசவாளர்களையே மிஞ்சியவர் என்கிறது கவிதை. சொந்தத் தொழிலில் சம்பாதித்து வாங்கிய செருப்பு. 1363இல் யார் எந்த விலைக்குத் துணி உடுத்தலாம் என்று அந்தஸ்து வாரியாக ஒரு சட்டம் போட்டார்கள். நிறைவேற்ற முடியாமல் சீக்கிரமே திரும்பப் பெற்றார்கள். 1348இல் வந்த கொள்ளைநோயில் ஏராளமானோர் மடிந்தபின், உயிரோடு இருந்தவர்களின் கூலி ஏறியது. கீழிருந்தவர்கள் நல்ல துணி வாங்கத் தொடங்கினார்கள். மேலிருந்தவர்களுக்குப் பதற்றம் வந்தது. ஒரு பெண் புதுச் செருப்போடும் சிவப்புக் காலுறையோடும் குதிரையேறி வருவதை அந்தப் பதற்றத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பங்குச் சாமியாரின் செருப்பைப் பற்றிச் சாசர் பேசவில்லை. மழையோ இடியோ, பங்கின் கடைசி வீட்டுக்கும் கையில் தடியோடு நடந்தே போனார் என்று மட்டும் சொல்கிறார். எல்லோர் காலையும் பார்த்த கவிஞர் இங்கே அந்தக் கால் நடந்த தூரத்தைச் சொல்கிறார். ஏழைப் பாதிரியார், நல்ல பாதிரியார் என்ற இரண்டும் அந்த நடையில் அடங்கிவிட்டன.

இப்படி வாசிக்கும்போது ஆய்வாளர்களின் விவாதங்களும் தானாகவே வகுப்புக்குள் வந்துவிடும். 1954இல் டால்பட் டொனால்ட்சன், கவிதைக்குள் பேசுகிற ‘சாசர்’ என்ற பயணியையும் கவிதையை எழுதிய சாசரையும் ஒருவராக எண்ணக் கூடாது என்று காட்டினார். பயணி எல்லோரையும் மெச்சுகிறவர், கொஞ்சம் அப்பாவி. அவர் மெச்சுவதைக் கேட்டுக்கொண்டே நாம் வேறொன்றைப் பார்க்கிறோம். 1973இல் ஜில் மான், இந்தச் சித்திரங்களுக்குப் பின்னால் தொழில் வாரியாகக் குறை சொல்லும் பழைய இலக்கிய மரபொன்று இருப்பதை விரிவாக நிறுவினார். அந்த மரபில் துறவி என்றால் தின்பவர், வழக்கறிஞர் என்றால் பறிப்பவர் என்று முடிவு முன்கூட்டியே இருக்கும். சாசர் அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு தீர்ப்பை மட்டும் விட்டுவிட்டார் என்பது ஜில் மானின் வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டெரி ஜோன்ஸ் 1980இல், படைவீரப் பிரபுவை உயர்ந்த இலட்சிய வீரராகப் பார்ப்பது தவறு, அவர் கூலிக்குப் போரிட்டவர் என்று ஒரு நூலே எழுதினார். அந்த முடிவை நான் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் கவசத்தின் துரு படிந்த அந்த மேலங்கியை, ஊருக்கு வந்ததும் மாற்றக்கூட நேரமில்லாமல் கோயிலுக்குப் புறப்பட்ட ஒருவருடைய அங்கியாகவும், பளபளப்பான வேறு உடை இல்லாத ஒருவருடைய அங்கியாகவும் படிக்க முடிகிறது. இரண்டுக்கும் இடம் விட்டிருப்பதுதான் எழுத்தின் வலிமை.

தமிழில் இப்படி இல்லையா என்று கேட்பீர்கள். தலைமுதல் கால்வரை வருணிக்கும் மரபு நம்மிடம் நீண்டது. பொருநராற்றுப்படையின் பாடினியிலிருந்து சிற்றிலக்கியங்கள் வரை அது ஓடுகிறது. பெரும்பாலும் அழகை வருணிக்கும் மரபு அது. தொழில்களைப் பார்க்க வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதைக்குப் போகலாம். மருவூர்ப்பாக்கத்தில் தோலைத் தைப்பவர்கள் வரை வரிசையாக வருகிறார்கள். இளங்கோவடிகள் அவர்களை விட்டுவிடவில்லை என்பது எனக்குப் பெருமை. ஆயினும் அது கூட்டத்தின் காட்சி. அதிலிருந்து ஒருவரும் தனியே நம்மை நோக்கித் திரும்புவதில்லை.

சாசருக்கு மிக அருகில் வருவது என் கணிப்பில் முக்கூடற்பள்ளு. அதில் வரும் பண்ணைக்காரனின் தோற்றத்தை அந்தப் பெயர் தெரியாத புலவர் எவ்வளவு குறும்போடு எழுதியிருக்கிறார்! சாசரின் ரீவும் பண்ணைக் காரியஸ்தர்தான். கெண்டைச் சதையே இல்லாத குச்சிக் கால். களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது, வெயிலுக்கும் மழைக்கும் விளைச்சல் எப்படி மாறும் என்பதெல்லாம் அத்துப்படி. கணக்கில் அவரைப் பிடிக்கத் தணிக்கையாளரால் முடியாது. எசமானனின் பொருளையே எசமானனுக்குக் கடன் கொடுத்து நன்றியும் அங்கியும் பெறுகிறார். ஊர்வலத்தில் எப்போதும் கடைசியில் வருகிறார். இரண்டு காரியஸ்தர்களையும் ஒரே மணி நேரத்தில் அடுத்தடுத்துப் படித்துக் காட்டினால், ஆங்கில இலக்கியம் எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடமிருந்து விலகிவிடும். பள்ளுவின் சிரிப்பு உழைப்பவர் பக்கத்திலிருந்து மேலே பார்த்துச் சிரிப்பது. சாசரின் பார்வை பக்கவாட்டிலிருந்து வருகிறது. அவர் அரசு அலுவலர், அதிகாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றவர். இந்த வேறுபாட்டை மாணவர்கள் எழுதட்டும். நல்ல கட்டுரைகள் வரும்.

இனி எனக்கு மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 12 ஆண்டுகள் தோல் கணக்கு எழுதியவரின் பயணிகளில் தோல் பதனிடுபவர் இல்லை.

சங்கத்துக் கைவினையாளர்கள் ஐந்து பேர் வருகிறார்கள்: சில்லறைத் துணிமணி விற்பவர், தச்சர், நெசவாளர், சாயமிடுபவர், திரைச்சீலை நெய்பவர். ஐவருக்கும் சேர்த்து ஒரே சித்திரம், ஒரே சீருடை, வெள்ளிப் பூண் போட்ட கத்தி, புத்தம்புது இடைவார், பை. அந்த வாரும் பையும் தோலில் வந்தவை. ‘மாவு மில்காரர் கதை’யில் அலிசன் என்ற இளம்பெண்ணின் இடுப்பில் தோல் பணப்பை தொங்குகிறது, அவளைச் சுற்றிவரும் அப்சலன் தன் செருப்பில் புனித பவுல் பேராலயத்தின் சாளரத்தைச் செதுக்கி வைத்திருக்கிறான். பொருள் எங்கும் இருக்கிறது. அதைச் செய்தவர் எங்கும் இல்லை. நகரங்கள் பதனிடுபவர்களை நீரோட்டத்தின் ஓரத்துக்கும் ஊரின் விளிம்புக்கும் தள்ளிவைத்தன. காரணம் நாற்றம். அந்த விலக்கம் விடுதி வரைக்கும், கவிதை வரைக்கும் வந்துவிட்டது.

உழைப்பவருக்கு முகவுரையில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. உழவர் வருகிறார்; பங்குச் சாமியாரின் உடன்பிறந்தவர். வண்டி வண்டியாக எரு சுமந்தவர். ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் உழைத்தவர், திருச்சபைக்குத் தசமபாகம் தவறாமல் கொடுத்தவர், எல்லோரோடும் சமாதானமாக வாழ்ந்தவர். அவருக்கு மூக்கு எப்படி இருந்தது, தாடி இருந்ததா, எதற்குக் கோபப்பட்டார் என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. மாவு மில்காரருக்கு மூக்கின் மேல் மருவும் அதில் முடியும் உண்டு. சமையற்காரருக்குக் கணைக்காலில் ஆறாத புண் உண்டு. அந்தப் புண்ணை நினைத்துக்கொண்டே அவருடைய பால்கறியின் பெருமையைக் கேட்கிறோம். உழவருக்கு மட்டும் குறை கிடையாது. குறை இல்லாததால் முகமும் இல்லாமல் போயிற்று. 1381இல் உழவர் எழுச்சி நடந்தபோது கூட்டத்தின் ஒரு பகுதி லண்டனுக்குள் நுழைந்தது ஆல்ட்கேட் வாயில் வழியாக. அந்த வாயிலுக்கு மேலிருந்த வீட்டில் அன்று குடியிருந்தவர் சாசர். சில ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய உழவர், யாரோடும் சண்டையிடாத உழவராக இருப்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியுமா?

எல்லாரையும் குறையோடு எழுதியவர் உழைப்பவரை மட்டும் புனிதராக்கினார். இதைச் சாசர்மேல் குற்றமாகச் சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் எழுத்திலும் பேச்சிலும் அதே காரியம் நடக்கிறது. தோல் தொழிற்சாலைத் தொழிலாளி என்றதும் கைகால் வெடிப்பு, குரோம் நீர், பாலாறு, பரிதாபம். அவையெல்லாம் உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும்; ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக அதில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதியானதில் நம் மண்ணின் வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவர் என்ற ஒற்றைச் சொல்லோடு அந்த மனிதரை விட்டுவிட்டால், நாமும் முகமில்லாத உழவரைத்தான் எழுதியிருப்போம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தொழிலைக் கொண்டு மனிதரை எழுதுவது இங்கிலாந்தில் ஓர் இலக்கிய மரபு. நம் நாட்டில் அதுவே பிறப்பால் கட்டிய வேலி. தோலைத் தொடுகிறவர் இன்னார், அவர் குணம் இப்படி என்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலாளி ஒரு சமூகம், ஈரத்தோலைத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள் என்ற நிலை நம் ஊர்களில் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. ஆகவே “உங்கள் தெருவில் ஒருவரைச் சாசரைப் போல எழுதி வா” என்று ஆசிரியர் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. எழுதப்படுபவர் யார், எழுதுகிறவர் எங்கிருந்து பார்க்கிறார், இவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளோடுதான் பேனாவைத் திறக்க வேண்டும்.

தமிழ் நாவல் இந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கிப் பல காலமாகிவிட்டது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டிலிருந்து வந்த அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’ நம் மண்ணின் நாவல். ஆங்கில இலக்கிய மாணவர் இவற்றைப் படிக்காமல் பட்டம் வாங்கிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முகவுரையில் இல்லாத பயணியை இவர்கள் எழுதியிருக்கிறார்கள். சாசரை நடத்தும் வாரத்தில் இவற்றிலிருந்து சில பக்கங்களை வகுப்பில் வாசிக்கலாம். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லை.

பாத் ஊர்ப் பெண்மணிக்குத் திரும்புகிறேன். அவர்தான் இங்கே நமக்கு வழி. உழைத்துச் சம்பாதிக்கிறவர், கைத்தொழிலில் கெட்டிக்காரர். அதே சமயம் காணிக்கை வைக்கத் தனக்கு முன்னால் வேறொரு பெண் போய்விட்டால் கோபம் தாங்காதவர். ஐந்து கணவர்கள். ஒரு காது சரியாகக் கேட்காது. மூன்று முறை ஜெருசலேம் போய் வந்தவர். ரோமுக்கும் கொலோனுக்கும் போனவர். கூட்டத்தில் நன்றாகச் சிரிக்கவும் பேசவும் தெரிந்தவர். உழவருக்குக் கொடுக்காத அத்தனையையும் சாசர் இந்த நெசவுக்காரிக்குக் கொடுத்திருக்கிறார்: ஆசை, பெருமை, வீம்பு, உடல், பேச்சு. அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் உயிரோடு இருப்பது அவருடைய நற்குணத்தால் அன்று.

ஆம்பூரில் காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகளில் ஏறும் பெண்களைப் பாருங்கள். கட்டிங், குளோசிங், லாஸ்டிங், ஃபினிஷிங் என்று ஆளுக்கொரு பிரிவு. இன்னும் பலர் அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து தைக்கிறார்கள். அவர்களுடைய மகள்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். குளோசிங்கில் வேலை செய்யும் தன் சித்தியை ஒரு மாணவி எனக்கு எழுதிக் கொடுத்தாள். யார் காலில் எந்த ஷூவைப் பார்த்தாலும் குனிந்து தையலை எண்ணுவார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் ஷூவில் தையல் தாண்டியிருப்பதைச் சபையில் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் பாராட்டினால் வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு. தான் மட்டும் ரப்பர் செருப்புதான் போடுவார், தோல் செருப்பு கால் கடிக்கும் என்பார். அந்தப் பெண் எழுதியது இரண்டு பக்கம். இரக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. சித்தியிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை விஷயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னாராம். பிறகு வேண்டாம், இருக்கட்டும் என்றாராம்.

துறைக்கு என் கோரிக்கை இதுதான். முகவுரை முழுவதையும் அவசரமாக ஓட்டி முடிக்க வேண்டாம். துறவி, வணிகர், சமையற்காரர், பாத் ஊர்ப் பெண்மணி, பங்குச் சாமியார், உழவர், ரீவ் ஆகிய ஏழு பேரை மட்டும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைச் சத்தமாக வாசித்தால் போதும். அந்த இடைக்கால ஆங்கிலத்தின் ஓசை தமிழ் நாவுக்கு அவ்வளவு அந்நியமில்லை, எழுதிய எழுத்தையெல்லாம் ஒலிக்கிற பழக்கம் அதற்கும் உண்டு. எல்லெஸ்மியர் கையெழுத்துப் படியில் பயணிகளின் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம் அதைப் பாதுகாக்கிறது, படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. சாசர் எழுதியதில் எதை ஓவியர் வரைந்தார், எதை விட்டார் என்று பிள்ளைகள் ஒப்பிடட்டும். பருவத் தேர்வின் வினாவை மாற்றுவது பாடத்திட்டக் குழுவின் கையில் இருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். அகமதிப்பீட்டு மதிப்பெண் நம் கையில் இருக்கிறது. அதில் குணநலன் கேள்வியை எடுத்துவிட்டு இரண்டு கேள்வி வையுங்கள். உழவருக்கு ஏன் முகம் இல்லை என்பது ஒன்று. மற்றொன்று, டாபர்ட் விடுதிக்கு வராத பதனிடுபவரை எழுதச் சொல்வது. பெயர் வேண்டாம், பாராட்டும் பெயரடை வேண்டாம், பரிதாபம் வேண்டாம். அவரே கேட்டால் ஒப்புக்கொண்டு சிரிக்கக்கூடிய ஒரு குறையாவது இருக்க வேண்டும். எழுதியதை ஒப்படைப்பதற்கு முன், அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவருக்குப் படித்துக்காட்டி, அவர் சொன்ன திருத்தத்தையும் கீழே எழுதிவர வேண்டும். அடுத்த பருவம் ஜூனில் தொடங்குகிறது, அப்போதே ஆரம்பிக்கலாம்.